கோவேறு கழுதைக்குத் துணையாக எதை விடுவது?

களக்காட்டை ஒட்டிய மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கிறீர்கள். வெளியூர் வியாபாரி ஒருவரிடம் கோவேறு கழுதை ஒன்றை வாங்கி ஒரு மாதம் ஆகிறது. பகலெல்லாம் வேலியோரமாகவே நடக்கிறது. பொழுது சாய்ந்தால் கத்துகிறது. உங்களிடம் ஏற்கெனவே ‘கன்னி’ இன ஆடுகளும் இரண்டு எருமைகளும் உண்டு. அவற்றோடு சேர்த்து மேயவிடலாமா, விட்டால் தெருநாய்களையும் சிறுத்தையையும் அது விரட்டுமா, இல்லையென்றால் நாங்குநேரிப் பக்கம் விலைக்கு வரும் கழுதையை வாங்கலாமா, அல்லது அதே வியாபாரி ‘ஹின்னி’ என்று சொல்லும் இன்னொன்றையும் ஓட்டிவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்த விலங்கு யாரைத் தன் கூட்டமாக நினைக்கிறது? அது தெரிந்துவிட்டால் நான்குக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இந்த மாவட்டத்தில் கால்நடை மருத்துவராகப் பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். கழுதைகளையும் மட்டக்குதிரைகளையும் நிறையவே பார்த்திருக்கிறேன். கோவேறு கழுதைகள் நம் பக்கம் அரிது என்பதால் அவற்றில் என் கைப்பழக்கம் அதைவிடக் குறைவு. ஆகவே எது உறுதியானது, எது என் கணிப்பு என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் உறுதியானது. குதிரை, கழுதை, இவற்றின் கலப்பு ஆகிய எல்லாமே கூட்டமாக வாழும் பிராணிகள். தனியாகக் கட்டிப்போட்ட கோவேறு கழுதை தீனி தின்னும், வேலை செய்யும். ஆனால் நிம்மதியாக இருக்காது. வேலியோரம் ஓயாமல் நடப்பது, தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டால்கூடக் காதை நிமிர்த்திக் கத்துவது, படுத்துத் தூங்காமல் நின்றே கழிப்பது எல்லாம் அந்தத் தவிப்பின் அடையாளங்கள். தீனி நேரத்தில் மட்டும் கத்தினால் அது பசி. நீங்கள் எழுதியிருப்பது அப்படி இல்லை. இது முப்பது நாற்பது ஆண்டுகள்கூட வாழக்கூடிய விலங்கு என்பதையும் மனத்தில் வையுங்கள். துணை என்று நாம் தேடுவது இரண்டு மாதச் சமாதானத்துக்காக இருக்கக்கூடாது.

இனி இந்தக் கலப்பின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் துணை தேர்வதன் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆண் கழுதைக்கும் பெட்டைக் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. ஆண் குதிரைக்கும் பெட்டைக் கழுதைக்கும் பிறப்பது ஹின்னி. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62, இந்த இரண்டு கலப்புக்கும் 63. அதனால்தான் மிக அபூர்வமான சில பெட்டைகளைத் தவிர இவை ஈனுவதில்லை. உடலமைப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு தாயில் இருக்கிறது. கோவேறு கழுதையை ஈன்று, பால் கொடுத்து, முதல் ஆறேழு மாதம் கூடவே வைத்து வளர்த்தவள் ஒரு குதிரை. ஹின்னியை வளர்த்தவள் ஒரு கழுதை. குட்டி பார்த்த முதல் உடம்பு, கேட்ட முதல் குரல், கற்ற முதல் ஒழுங்கு எல்லாம் தாயினுடையவை. அதனால் வளர்ந்த பிறகும் கோவேறு கழுதை குதிரையை நோக்கியும், ஹின்னி கழுதையை நோக்கியும் சாய்கிறது.

கோவேறு கழுதையைப் பொறுத்தவரை இதில் சந்தேகமே வேண்டாம். அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் பொதி சுமக்கும் கோவேறு கழுதைக் கூட்டங்களுக்கு முன்னால் கழுத்தில் மணி கட்டிய ஒரு பெட்டைக் குதிரையை நடத்திச் செல்வது நெடுங்காலப் பழக்கம். இரவில் அந்த ஒரு குதிரையை மட்டும் கட்டிப்போட்டால் போதும், மற்றவை அதைவிட்டு அகலாமல் சுற்றிலும் மேயும். ஹின்னியைப் பற்றி இவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முடியாது. ஹின்னிகள் எண்ணிக்கையிலேயே குறைவு, ஏனென்றால் பெட்டைக் கழுதை ஆண் குதிரைக்குச் சினைப்பிடிப்பது கடினம். தாயைப் போலவே கழுதைகளோடு ஒட்டும் என்பது வளர்த்தவர்கள் பலர் சொல்வது. நான் ஏற்கும் கணிப்பும் அதுதான்.

பிறப்பைவிட வளர்ப்பு வலியது. தாய் குதிரையாக இருந்தாலும் பால் மறந்த பிறகு கழுதைகளோடேயே பொதி சுமந்து வளர்ந்த கோவேறு கழுதை கழுதையைப் பார்த்துத்தான் ஓடும். கழுதை, மட்டக்குதிரை, கோவேறு கழுதை மூன்றையும் ஒரே மேய்ச்சலில் வைத்துக் கவனித்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. அவை தத்தம் வகையோடுதான் அதிகம் நெருங்கி நின்றன. அதாவது கோவேறு கழுதைக்கு முதல் விருப்பம் இன்னொரு கோவேறு கழுதை. ஆகவே வியாபாரியிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அதன் விலையோ வயதோ மட்டுமல்ல. அது எங்கே நின்றது, பக்கத்தில் எது நின்றது, யாரோடு சேர்ந்து சுமை இழுத்தது என்று விடாமல் கேளுங்கள். முடிந்தால் அது முன்பு ஜோடியாக நின்ற விலங்கையே வாங்கப் பாருங்கள். அதைவிட நல்ல துணை எங்கே தேடினாலும் கிடைக்காது.

வியாபாரி சொல்லும் ‘ஹின்னி’ பற்றி ஒரு வார்த்தை. தலை சிறியது, காது குட்டை, வாலில் முடி அடர்த்தி என்று அடையாளம் சொல்வார்கள். அவை எவற்றையும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பார்வையால் உறுதியாகப் பிரிக்க முடியாது. தாய்வழி மரபணுப் பரிசோதனை ஒன்றுதான் உறுதி சொல்லும். உங்களுக்கு அந்தப் பெயர் தேவையும் இல்லை. உங்கள் கோவேறு கழுதையைக் கயிற்றில் பிடித்து அதன் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து மோந்துவிட்டு, ஒரு கத்தலோ காலுதறலோ முடிந்த பின் பக்கத்திலேயே நின்று மேய்ந்தால் அது என்ன கலப்பாக இருந்தாலும் வாங்கலாம். ஆணாக இருந்து காயடிக்கப்படாதது என்றால் காயடிக்காமல் உள்ளே விடாதீர்கள். ஈனாது என்பதால் ஆண் கோவேறு கழுதைக்கு ஆண்தன்மை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது முழுத் தவறு. காயடிக்காத கோவேறு கழுதை ஆளையே கடித்துத் தூக்கிவிடும். காயடித்த பிறகும் உடம்பில் சூடு அடங்க ஆறு வாரம் போல ஆகும். அதுவரை தனியாக வையுங்கள்.

நாங்குநேரிக் கழுதைக்கு வருகிறேன். பெட்டையாகவோ காயடித்த ஆணாகவோ, வளர்ந்த வயதில், சாதுவாக இருந்தால் அது நல்ல தேர்வு. நம் ஊரில் குறைந்த விலைக்கு வருவது பெரும்பாலும் காயடிக்காத கிடாக் கழுதை. அது கோவேறு கழுதையின் கழுத்தைக் கடித்துத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கும். அதற்காக விலை குறைந்தாலும் வேண்டாம். இன்னொன்றையும் விசாரியுங்கள்: அந்தக் கழுதைக்கு ஏற்கெனவே ஒரு ஜோடி இருக்கிறதா? கழுதைகள் இரண்டு இரண்டாக இறுகப் பிணைந்துவிடும் இயல்புடையவை. ஜோடியைப் பிரித்து ஒன்றை மட்டும் ஓட்டிவந்தால் அது தீனியைத் தொடாமல் நிற்கும். கழுதைக்கு இது வெறும் சோகம் இல்லை, உயிர் ஆபத்து. பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு ரத்தத்தில் இறங்கி, ஈரலைக் கெடுத்து, சில நாட்களில் கொன்றுவிடும். குறிப்பாகக் கொழுத்த கழுதைக்கும் சினைக் கழுதைக்கும். ஒரு நாள் முழுக்கத் தின்னாத கழுதையை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. ஜோடியாக இருந்தால் இரண்டையும் வாங்குங்கள். கோவேறு கழுதையை வேலைக்கு ஓட்டிப் போகும் நேரத்தில் வீட்டில் இரண்டு இருப்பது இன்னும் நல்லது. மூன்று என்ற எண்ணிக்கை பல சிக்கல்களைத் தீர்க்கிறது.

உங்கள் விலங்கு குதிரையோடு வளர்ந்தது என்று தெரிந்தால் வயதான, சாதுவான பெட்டை மட்டக்குதிரையே முதல் தேர்வு. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரைகள் வருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே வாங்கினால் ஓட்டத்துக்கு வளர்த்த இளங்குதிரையைத் தேடாதீர்கள். வேலை முடிந்த, கழுதையை முன்பே பார்த்துப் பழகிய மட்டக்குதிரையைக் கேளுங்கள். கழுதைக் குரலே கேட்டிராத குதிரை முதல் கத்தலுக்கே வேலியை முறித்துக்கொண்டு ஓடக்கூடும். குட்டியோடு இருக்கும் குதிரை வேண்டவே வேண்டாம். கோவேறு கழுதை அந்தக் குட்டியைத் தனதாக்கிக்கொண்டு தாயை அண்டவிடாமல் அடிக்கும், அல்லது குட்டியையே மிதிக்கும். இரண்டும் நடந்திருப்பது பதிவான உண்மை.

ஆடுகளைப் பற்றி உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பந்தயக் குதிரை லாயத்தில் ஆட்டைத் துணைக்குக் கட்டுவார்கள், அது பலன் தருவதும் உண்டு. அதை வைத்துத்தான் பலரும் ஆடு போதும் என்கிறார்கள். கோவேறு கழுதைக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதன் தந்தை கழுதை. அந்நியமான சிறு பிராணி தன் எல்லைக்குள் வந்தால் விரட்டும் குணம் அந்த ரத்தத்தில் இருக்கிறது. காதைப் பின்னால் மடித்து, தலையைத் தாழ்த்தி, பிடரியைக் கடித்துத் தூக்கிப் போட்டு, முழங்காலால் அமுக்கும். நாயை எப்படிக் கொல்லுமோ அதே முறையில் குட்டியையும் கொல்லும். ஆறு மாதம் ஆட்டோடு ஒற்றுமையாக மேய்ந்த ஒன்று, ஆடு குட்டி போட்ட அன்று ஈரத்தோடு எழுந்து தள்ளாடும் அந்தப் புதிய உருவத்தைக் கண்டு மிரண்டு மிதித்துவிடும். எல்லாக் கோவேறு கழுதைகளும் இப்படி என்று சொல்லவில்லை. சில ஆட்டின் முதுகிலேயே தாடையை வைத்துத் தூங்கும். எது எந்த வகை என்பது குட்டி செத்த பிறகுதான் தெரியும் என்பதே என் கவலை. ஆகவே ஆடுகள் அடுத்த கட்டுத்தறியில் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கட்டும். ஒரே வேலிக்குள், குறிப்பாக இரவில், வேண்டாம்.

நாயை விரட்டுமா என்ற கேள்விக்கு, பெரும்பாலும் விரட்டும் என்பதே பதில். தெருநாய்க் கூட்டம் ஆடுகளைக் கடித்துக் குதறுவது நம் கிராமங்களில் எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத் தெரியும். அந்த ஆசை நியாயமானது. ஆனால் அது உங்கள் வீட்டு நாயையும் பிரித்துப் பார்க்காது. சிப்பிப்பாறையோ நாட்டுநாயோ வளர்த்தால் அதைக் கோவேறு கழுதையின் வேலிக்குள் ஓடவிடாதீர்கள். காவலுக்கென்றே கழுதை வளர்ப்பவர்கள் ஒற்றைப் பெட்டைக் கழுதையைச் சிறுவயதிலிருந்தே ஆட்டு மந்தையோடு வளர்க்கிறார்கள். இரண்டு கழுதையாக விட்டால் அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஆட்டை மறந்துவிடும். துணையையும் காவலையும் ஒரே விலங்கிடம் எதிர்பார்ப்பதில் உள்ள சிக்கல் இதுதான்: நிம்மதியான கழுதைக்கு ஆடு முக்கியமில்லை. சிறுத்தை விஷயத்தில் இரண்டாம் பேச்சே இல்லை. களக்காடு முண்டந்துறைக் காட்டிலிருந்து இறங்கும் சிறுத்தைக்குக் கட்டிப்போட்ட கழுதையும் ஓர் இரைதான். எல்லா விலங்குகளும் இரவில் கூரையும் கதவும் உள்ள கொட்டடிக்குள் இருக்க வேண்டும்.

எருமைகளோடு மேயவிடுவதில் அடிதடியைவிட நோயே பெரிய விஷயம். சர்ரா என்னும் ரத்த ஒட்டுண்ணி நோய் மாட்டிலும் எருமையிலும் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். கடிக்கும் ஈக்கள் வழியாகக் குதிரை இனத்துக்கு வந்தால் விட்டுவிட்டுக் காய்ச்சல், கால் வீக்கம், மெலிவு என்று விலங்கைச் சாய்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஈ பெருகும் காலத்தில் எருமையும் கோவேறு கழுதையும் தோளோடு தோள் நிற்பதைத் தவிருங்கள். காரணமில்லாமல் மெலிந்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதே நேரம் ஒரே வயலில் முன்னும் பின்னுமாக மேய்ப்பது நல்லது. எருமையின் குடற்புழுக்களில் பெரும்பாலானவை கழுதை இனத்தில் வளராது, அதுபோல மறுபக்கமும். எருமை மேய்ந்த துண்டில் சில வாரம் கழித்துக் கோவேறு கழுதையை விட்டால் இரண்டுக்கும் புழுத்தொல்லை குறையும்.

தீவனத்தில் இன்னும் கவனம் வேண்டும். சில கோழித் தீவனங்களிலும் மாட்டுத் தீவனக் கலவைகளிலும் மொனென்சின் என்ற மருந்து இருக்கும். மாடு தாங்கும் அளவே குதிரை இனத்தின் இதயத் தசையைச் சிதைத்துக் கொல்லும். மூட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எருமைத் தொட்டியில் மீந்ததை இதற்குப் போடாதீர்கள். நேப்பியர் புல்லையும் தவிட்டையும் மட்டுமே நம்பி வளர்ப்பதும் கூடாது. அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போடும். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. இரண்டும் சேர்ந்தால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து தாடை வீங்கும். சோளத்தட்டை, வைக்கோல், கொஞ்சம் கடலைக்கொடி, தாது உப்பு போதும். கழுதைக்கு இதிலும் குறைவு. கோவேறு கழுதைக்குத் தரும் தானியத்தைக் கழுதைக்கும் போட்டால் கொழுத்துக் குளம்பு அழன்றுவிடும்.

எந்தத் துணையை வாங்கினாலும் முதல் மூன்று நான்கு வாரம் தனியே ஒதுக்கி வையுங்கள். இந்தியாவில் 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி கோவேறு கழுதைகள் ஏறக்குறைய 84 ஆயிரம்தான், பெரும்பாலும் வடக்கே மலை மாநிலங்களிலும் செங்கற்சூளைகளிலும். அங்கிருந்து கைமாறி வருபவற்றில் கிளாண்டர்ஸ் என்ற நோய் இருக்க வாய்ப்புண்டு. மூக்கில் சளி, தோலில் முடிச்சுகள் என்று வரும், மனிதருக்கும் தொற்றும். உறுதியானால் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி விலங்கைக் கொன்று புதைக்கத்தான் வேண்டும். ஆகவே திருநெல்வேலியை அடுத்த ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உங்கள் பகுதி மருத்துவமனையிலோ சொல்லி, பணம் கொடுக்கும் முன்னரே ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கழுதையாக இருந்தால் விட்டையையும் பாருங்கள். கழுதை இருமாமலே நுரையீரல் புழுவைச் சுமக்கும், குதிரைக்கு அது தீராத இருமலாகும். ரணஜன்னிக்கும் (டெட்டனஸ்) வெறிநோய்க்கும் உரிய தடுப்பூசிகளை இரண்டு விலங்குகளுக்கும் போட்டுவிடுங்கள்.

அதன் பிறகு சேர்ப்பது. முள்கம்பி வேண்டாம், மூங்கிலோ பனஞ்சட்டமோ கட்டிய வேலிக்கு இரு பக்கமும் ஒன்றிரண்டு வாரம் நிற்கட்டும். இரண்டும் வேலியருகே ஒன்றாக நின்று மேய்ந்தால் கதவைத் திறக்கலாம். திறக்கும் முன் பின்னங்கால் லாடங்களைக் கழற்றுங்கள். கோவேறு கழுதை பின்னால் மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் குறிபார்த்து உதைக்கும். இடம் அகலமாக, மூலை முடுக்கு இல்லாமல், விலங்குகளின் எண்ணிக்கையைவிட ஒரு தீனிக் குவியல் கூடுதலாக இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி இரண்டு. முதல் நாள் துரத்தலும் கத்தலும் இயல்பு. ஓடுகிற விலங்கை மூச்சு வாங்கவே விடாமல் விரட்டினால் பிரித்துவிட்டு மீண்டும் வேலிக்குத் திரும்புங்கள். தலையும் வாலுமாக நின்று ஒன்றன் முகத்து ஈயை மற்றது வாலால் ஓட்ட ஆரம்பித்தால் வேலை முடிந்தது. பல ஆண்டு கழித்து ஒன்று இறக்க நேர்ந்தால், உடலை உடனே அப்புறப்படுத்தாமல் மற்றது மோந்து பார்த்து விலகும் வரை விட்டுவையுங்கள். அப்படி விட்டவை தேடி அலைவது குறைவு.

உங்கள் விலங்கை நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சரியாக இருக்காது. அது ஆணா பெட்டையா, காயடித்ததா, வயது என்ன, வியாபாரியிடம் எதோடு நின்றது என்ற நான்கையும் எழுதுங்கள். கழுதையா மட்டக்குதிரையா என்று என் கருத்தைச் சொல்கிறேன். அதுவரை பகலில் ஆட்கள் வேலை செய்யும் பக்கமாக, எருமைகளை எட்டத்தில் பார்க்கும்படி கட்டுங்கள். சினை ஆடுகள் இருந்தால் அவற்றை இன்றைக்கே வேறு கொட்டடிக்கு மாற்றிவிடுங்கள்.